கவட்டையில் கிழியாத பேன்ட்

காற்றாலை டவரில் ஏறி இறங்குகிறவனுக்குப் பேன்ட்டும் ஒரு பாதுகாப்புக் கருவிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடம்போடு மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸுக்குக் காலாவதித் தேதி பார்க்கிறோம். ஹெல்மெட்டில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். பேன்ட்டை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. கொடுக்கிற மீடியத்தையோ லார்ஜையோ மாட்டிக்கொண்டு ஏறிவிடுகிறோம். ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிமார் பலர் காலோடு ஒட்டிய ஜீன்ஸில் வந்து நிற்கிறார்கள். அது எங்கே கிழியப்போகிறது என்று பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

கவட்டையில்தான் கிழியும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை காற்று சீசன். கணவாய் வழியாக இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்றை ஒரு நாள்கூட வீணாக்க யாருக்கும் மனசு வராது. அதனால் பெரிய பராமரிப்பு வேலைகளை எல்லாம் அதற்கு முன்னால், பங்குனி சித்திரை வெயிலில் முடித்தாக வேண்டும். பழைய 250 கிலோவாட் மெஷின்கள் பல கம்பிச்சட்டக் கோபுரத்தின் மேல் நிற்கின்றன. ஏறும்போது காற்றாவது மேலே படும். 2 மெகாவாட் மெஷின்களுக்கு இரும்புக் குழாய் டவர். உள்ளே காற்றே கிடையாது, வெளியே கொளுத்தும் வெயிலில் குழாய் முழுக்கச் சூடு. லிஃப்ட் இல்லாத டவர்களும் நிறைய. ஏணியின் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறக்குறைய ஓர் அடி. 80 மீட்டர் டவர் என்றால் சுமார் 270 படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முட்டி மேலே போக வேண்டும்.

இப்போது பேன்ட்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். சாதாரணமாகக் காலைத் தூக்கினால் துணி தொடையின் மேல் கொஞ்சம் வழுக்கி நகர்ந்து இடம் கொடுக்கும். ஹார்னஸ் போட்டவனுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு தொடையையும் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது, துணியால் நகர முடியாது. அதோடு வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியும் இருக்கிறது. முட்டி மேலே போகும்போது வரும் இழுவை முழுவதும் கவட்டையில் போய் விழுகிறது. சாதாரண பேன்ட்டில் முன்தையல், பின்தையல், இரண்டு உள்கால் தையல் என நான்கும் ஒரே புள்ளியில் வந்து சேர்வது அங்கேதான். அந்தப் புள்ளியில் நூல் அறுந்தால் மற்றதெல்லாம் தானாகப் பிரிந்துகொண்டு போகும்.

பேன்ட் கிழிந்தால் என்ன, கீழே இறங்கி மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். பாதி ஏணியில் கிழிந்தால் உடனே இறங்க முடியாது. கிழிந்த விளிம்பு ஹார்னஸ் பட்டைக்கு அடியில் சுருண்டுகொண்டு தொடையை அரைக்கும். வேலை முடிந்து கீழே வரும்போது தோல் உரிந்திருக்கும். மறுநாள் அதே இடத்தில் பட்டை மறுபடியும் உட்கார வேண்டும். அதைவிட, கவனம் போய்விடுகிறது. ஏணியில் இருப்பவனின் கவனம் தன் தொடையில் இருக்கக்கூடாது.

பலரும் இதற்குக் கண்டுபிடிக்கும் வழி ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. அது ஏன் பலிக்காது என்பதை நாகர்கோவில் வடசேரியில் எங்களுக்கு வழக்கமாகத் தைக்கும் அண்ணாச்சியிடம்தான் தெரிந்துகொண்டேன். கூட வேலை பார்க்கும் ஒருவரின் கிழிந்த பேன்ட்டை ஒட்டுப்போடக் கொண்டு போயிருந்தேன். அவர் அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, கிழிந்த இடத்தின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து விரித்துக் காட்டினார். துணி முழுசாக இருந்தது. ஓரத்தில் அறுந்த நூல்முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன.

"துணி எங்கயும் போவல மக்ளே, நூலுதான் அந்துருக்கு. அடுத்த தடவ பெரிய சைஸ் எடுக்கச் சொல்லாத, இன்னும் சீக்கிரம் போவும்."

"அதெப்படி அண்ணாச்சி? பெருசா இருந்தா லூசாத்தானே இருக்கும்?"

அவர் டேப்பை எடுத்து, இடுப்புப் பட்டியின் முன்பக்கத்திலிருந்து கவட்டை வழியாகப் பின்பக்கப் பட்டி வரை அளந்து காட்டினார். பிறகு என்னை நிற்கவைத்து அதே அளவை என் உடம்பில் எடுத்தார். சைஸ் பெரிதாகப் பெரிதாக இந்த நீளமும் கூடும். கூடினால் கவட்டைத் தையல் உடம்பைவிட்டுக் கீழே தொங்கும். தொங்கும் கவட்டை, இரண்டு தொடைகளையும் குறுக்கே கட்டிப்போட்டதற்குச் சமம். ஒரு காலைத் தூக்கினால் மற்றக் காலையும் சேர்த்து இழுக்கும். கவட்டை உடம்போடு அணைந்து உயரமாக இருந்தால்தான் ஒவ்வொரு காலும் தனித்தனியாக நகரும். சட்டைக்கு அக்குள் வெட்டு மேலே இருந்தால் கையைத் தாராளமாகத் தூக்க முடிவதும் இதே கணக்கில்தான் என்றார் அண்ணாச்சி. தாராளம் தொடையில் வேண்டும், சீட்டில், அதாவது உட்காரும் பக்கத்தில் வேண்டும். கவட்டை உயரத்தில் தாராளம் கூடாது.

அப்புறம் கஸ்ஸெட். நான்கு தையலும் சந்திக்கும் இடத்தில் சாய்சதுரமாகவோ, உள்கால் நெடுகிலும் நீளமாகவோ ஒரு தனித் துண்டை வைத்துத் தைப்பார்கள். இது இருந்தால் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் குவியாது, துண்டின் ஓரங்களுக்குப் பிரிந்து போய்விடும். இழுவையும் பிரிந்துவிடும். முட்டியைத் தூக்கும்போது அந்தத் துண்டு விரிந்து இடம் கொடுக்கும். ராணுவ, போலீஸ் பாணியில் டாக்டிகல் பேன்ட் என்று விற்கப்படுவதில் எனக்குப் பணம் கொடுக்கத் தோன்றும் ஒரே பெரிய காரணம் இதுதான். பத்துப் பாக்கெட், டி வளையம், வெல்க்ரோ எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வகைப் பேன்ட்டின் கதையும் ஏறுகிறவர்களிடமிருந்து தொடங்கியது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ராயல் ராபின்ஸ் என்ற அமெரிக்கப் பாறையேறி, 1957-ல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் குன்றின் வடமேற்கு முகத்தில் முதன்முதலாக ஏறிய மூவரில் ஒருவர். பின்னாளில் மனைவி லிஸ்ஸுடன் சேர்ந்து உடைக் கம்பெனி நடத்தினார். பாறையேறிகளுக்காக அந்தக் கம்பெனி கொண்டுவந்த உறுதியான கேன்வாஸ் பேன்ட்டின் பெயர் 5.11. பாறை ஏற்றத்தின் கடினத்தைக் குறிக்கும் யோசெமிட்டி அளவையிலிருந்து எடுத்த எண் அது. 1990-களில் குவாண்டிகோவில் உள்ள எஃப்.பி.ஐ. பயிற்சிக்கழகத்தில் அந்தப் பேன்ட்டைப் பயிற்சிக்குப் போட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து போலீஸ்காரர்களுக்குப் பரவி, 2003-ல் 5.11 டாக்டிகல் என்று தனிக் கம்பெனியே ஆனது. துப்பாக்கியும் கையுமாக நிற்கும் விளம்பரப் படத்தைப் பார்த்து இது நமக்கானது இல்லை என்று ஒதுங்கவேண்டியதில்லை. உயரத்தில் ஏறுகிறவனுக்காகத்தான் இது முதலில் வெட்டப்பட்டது.

தையல் சேரும் இடத்தில்தான் பேன்ட் போகும் என்பது பழைய அறிவு. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோவில் தையல்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ், பாக்கெட் ஓரங்களில் செம்பு ரிவெட், அதாவது தட்டி இறுக்கும் குமிழ் ஆணி அடித்ததும் அதற்காகத்தான். லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து ஜீன்ஸில் முன்பக்கத் திறப்பின் அடியிலும் ஒரு ரிவெட் இருந்தது. உலோகத் தட்டுப்பாடு வந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது பார்டேக், அதாவது ஒரே இடத்தில் நெருக்கமாகக் குறுக்கும் மறுக்கும் ஓட்டும் குட்டித் தையல். பேன்ட்டை வாங்கும் முன் பாக்கெட் வாய், பெல்ட் லூப், ஜிப்பின் அடி ஆகிய இடங்களில் அது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியாகத் தட்டுப்படும்.

தையலைச் சோதிக்க இன்னொரு வழியும் உண்டு. உள்கால் தையலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அகல இழுங்கள். இடையில் நூல் பல்வரிசை மாதிரி தெரிந்தால் தையல் தளர்வு, வைத்துவிடுங்கள். கனத்த துணிக்கு ஓர் அங்குலத்தில் எட்டு முதல் பத்துத் தையல் போதும். நெருக்கமாகப் போட்டால் இன்னும் உறுதி என்று நினைத்து ஊசியால் துணியைச் சல்லடையாக்குகிறவர்களும் உண்டு. இரண்டு துணி ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே இரட்டை வரி ஓட்டியிருந்தால் நல்லது. அது உள்ளே தட்டையாக இருப்பதால் ஹார்னஸ் பட்டைக்கு அடியில் உறுத்தாது. துணி ஓரத்தைச் சுற்றி ஓட்டும் ஓவர்லாக் மட்டும் போட்ட தையல் தடித்து நிற்கும், அரை நாளில் தொடையில் கோடு விழும்.

துணிக்கு வருவோம். ரிப்ஸ்டாப் என்றாலே கிழியாது என்று விற்பனையில் சொல்வார்கள். அதன் வேலை அதுவல்ல. இரண்டாம் உலகப்போரில் நைலான் பாராசூட்டுக்காக வந்த நெசவு அது. சில மில்லிமீட்டருக்கு ஒரு முறை தடித்த இழையைக் கட்டம் கட்டமாக ஓட்டியிருப்பார்கள். ஆணியில் மாட்டிச் சின்னக் கிழிசல் விழுந்தால் அடுத்த தடித்த இழையில் அது நின்றுவிடும். உரசலைத் தாங்குவதில் அதற்குத் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. ஏணிப்படியில் முட்டியும் முன்னங்காலும் உரசிக்கொண்டே போகும் வேலைக்கு அந்த இடங்களில் இரட்டைத் துணி இருக்க வேண்டும்.

எடை முக்கியம். அமெரிக்கக் கம்பெனிகள் சதுர கஜத்துக்கு அவுன்ஸ் என்று போடுவார்கள். அதை 34-ஆல் பெருக்கினால் நம்முடைய ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு வந்துவிடும். ஆறு அவுன்ஸ் துணி ஏறக்குறைய 200 ஜி.எஸ்.எம்., எட்டரை அவுன்ஸ் கேன்வாஸ் 290-ஐ ஒட்டி வரும். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் 400-ஐத் தாண்டும். அது வியர்வையைக் குடித்துக் கனத்துப்போய், காயவும் காயாது. எங்கள் ஊர் டவருக்குள் ஏற 200 முதல் 230 வரை உள்ள ரிப்ஸ்டாப் அல்லது சாய்கோட்டு நெசவான ட்வில் போதும் என்பது என் முடிவு. கீழேயே நின்று கேபிள் இழுப்பது, கிரேன் வேலை, கான்கிரீட் வேலை என்றால் 280-க்கு மேல் உள்ள கேன்வாஸ் தாங்கும். 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி என்ற கலவைதான் கடையில் அதிகம் கிடைக்கிறது. சீக்கிரம் காயும், சுருங்காது, நிறம் நிற்கும். இழுபடுவதற்காக இரண்டு மூன்று சதவீதம் எலாஸ்டேன் கலந்ததும் உண்டு. போட்ட புதிதில் சுகமாக இருக்கும். வெயிலும் சூடான இஸ்திரியும் சேர்ந்து அந்த ரப்பர்த்தன்மையைக் கொன்றுவிட்டால் முட்டியில் பை விழும். வெட்டு சரியாக இருந்தால் இழுபடும் துணி தேவையே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கலவைத் துணி ஏறுவதற்கு மட்டும். கீழே 690 வோல்ட் மின் பேனலைத் திறந்து வேலை பார்க்கும்போது அது உடம்பில் இருக்கக்கூடாது. மின்பொறி வெடித்தால் பாலியெஸ்டரும் நைலானும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், புண் இன்னும் ஆழமாகும். சாதாரணப் பருத்தி உருகாது, ஆனால் பற்றி எரியும். அந்த வேலைக்கென்றே தீ பரவாத துணியில் உடை உண்டு, அது எத்தனை கலோரி வெப்பம் தாங்கும் என்று லேபிளில் இருக்கும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.-வின் 70இ மின்பாதுகாப்பு விதிமுறையில், இரண்டாம் வகைப் பாதுகாப்பு உடை சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 8 கலோரி தாங்கவேண்டும். லேபிளில் அந்த எண் இல்லாத பேன்ட்டை, கடைக்காரர் எத்தனை சத்தியம் செய்தாலும், பேனல் வேலைக்கு வாங்காதீர்கள். உள்ளே போடும் பனியனும் ஜட்டியும் பருத்தியாகவே இருக்கட்டும்.

கால் நீளம் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. இறக்குமதிப் பேன்ட்டுகள் உள்கால் 30, 32, 34 அங்குலம் என்று வரும். 30 கிடைக்காவிட்டால் 32-ஐ வாங்கி அடியில் வெட்டி மடித்துக்கொள்வது நம் வழக்கம். சாதாரண பேன்ட்டில் அதனால் ஒன்றும் கெடாது. இந்தப் பேன்ட்டில் முட்டிக்கென்று இரட்டைத் துணியும், முட்டி மடங்குவதற்கான கொசுவமும் ஓர் உயரத்தில் தைக்கப்பட்டிருக்கும். 34 அங்குலக் காலில் அடியில் நான்கு அங்குலம் வெட்டினாலும் அந்த முட்டித் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கும், உங்கள் முட்டிக்குக் கீழே. மண்டியிட்டால் ஒற்றைத் துணிதான் தரையில் படும். கொசுவம் இல்லாத இடத்தில் முட்டி மடங்கும். காசு கொடுத்து வாங்கிய இரட்டைத் துணி கெண்டைக்காலில் சும்மா இருக்கும். அதனால் உள்கால் அளவு சரியாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் தைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு அளவையும் லேபிளை நம்பி எடுக்கக்கூடாது. 32 என்று போட்டிருப்பதை டேப் வைத்து அளந்தால் 34 வருவது சகஜம்.

ட்ரையல் ரூமில் நின்று கண்ணாடி பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. குத்தவைத்து உட்காருங்கள். சம்மணம் போடுங்கள். ஸ்டூல் இருந்தால் ஒரு காலை அதன்மேல் வைத்து முட்டியை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கப் பட்டி கீழே இறங்கினால் பின்சீட் உயரம் போதவில்லை. தொடையில் துணி தோலை இறுக்கினால், மேலே பட்டை வந்து உட்காரும்போது இன்னும் மோசமாகும். முடிந்தால் ஹார்னஸையே கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடையில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஹார்னஸ் போட்டுப் பார்த்தால்தான் பாக்கெட்டின் உண்மையும் தெரியும். தொடைப் பக்கப் பாக்கெட் பழைய ராணுவ ஏற்பாடு. 1942-ல் அமெரிக்கப் பாராசூட் வீரர்களின் உடையில் பெரிதாக வந்தது. அவர்களுக்கும் ஹார்னஸ் உண்டு. இன்று வரும் பல பேன்ட்டுகளில் அது சரியாகத் தொடைப் பட்டை போகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே டெஸ்டரோ சாவியோ இருந்தால் பட்டை அதைத் தொடை எலும்போடு சேர்த்து அழுத்தும். பாக்கெட் வாய், பட்டைக்கு ஒரு கையகலம் கீழே தொடங்குகிறதா என்று பாருங்கள். மூடி கண்டிப்பாக வேண்டும். மேலிருந்து விழும் ஒரு சின்ன நட்டுகூடக் கீழே நிற்பவரைக் காயப்படுத்தும். மூடிக்கு வெல்க்ரோவைவிடப் பட்டனே நல்லது. கிரீஸும் நூல்பிசிறும் சேர்ந்தால் வெல்க்ரோ ஒரு வருஷத்தில் பிடிப்பு விட்டுவிடும். பின்பக்கம் இரும்பு ரிவெட் இருந்தால் ஹார்னஸ் பட்டையை அரைக்கும், தவிர்த்துவிடுங்கள். பெல்ட்டும் மெல்லிய நைலான் பட்டையாக இருந்தால் போதும், பெரிய பக்கிள் வயிற்றைக் குத்தும். பெல்ட் லூப்பிலோ இடுப்பில் தொங்கும் டி வளையத்திலோ டூல் கயிற்றை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சாவிக்கொத்துக்கான வளையம். டூல் கயிற்றுக்கு ஹார்னஸில் தனி இடம் இருக்கிறது.

காமோ பேட்டர்ன், அதாவது ராணுவச் சீருடையின் திட்டுத்திட்டு வடிவம் வேண்டாம், இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் அறிமுகமான புதிய போர்ச்சீருடையின் வடிவமைப்பை நம் ராணுவம் முறையாகப் பதிவே செய்து வைத்திருக்கிறது. சாம்பல், காக்கி, கடற்படை நீலம் போதும். கறுப்பு நம் வெயிலுக்கு ஆகாது.

அசல் இறக்குமதிப் பேன்ட் ஒன்றின் விலையில் நம் ஊரில் மூன்று பேன்ட்டாவது தைத்துவிடலாம். நான் இப்போது பெரும்பாலும் அண்ணாச்சியிடம்தான் தைக்கிறேன். ஒரு நல்ல பேன்ட்டை மாதிரிக்குக் கொடுத்து, கவட்டைத் துண்டை அப்படியே எடுக்கச் சொல்வேன். பருத்தி டிரில் துணி என்றால் வெட்டுவதற்கு முன்பே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையிலேயே கால் ஏறிவிடும். நூல் பாலியெஸ்டர் நூல்தான், பருத்தி நூல் வியர்வையில் மக்கிவிடும். கூலி கொஞ்சம் கூடக் கேட்பார், கஸ்ஸெட் வைப்பது நேரம் எடுக்கும் வேலை. கொடுக்கத் தகும்.

துவைப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கிரீஸ் பட்ட இடத்தில் பாத்திரம் விளக்கும் திரவத்தைத் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும். உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். கல்லில் அடித்துத் துவைத்தால் துணிக்கு முன்னால் தையல்தான் சாகும்.

கடைசியாக, சீருடை கொடுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனிகளிடம் கேட்க வேண்டிய ஒன்று. ஆள் சேரும்போது ஷூவுக்கு நம்பர் கேட்கிறீர்கள். அதே காகிதத்தில் இடுப்பு, சீட், தொடை, உள்கால், கவட்டைச் சுற்று என்று இன்னும் ஐந்து வரி சேருங்கள். ஒரு தையல்காரர் அரை நாள் வந்து உட்கார்ந்தால் ஒரு சைட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அளவெடுத்துவிடுவார். இப்போது பெண் டெக்னீஷியன்களும் டவர் ஏற வருகிறார்கள். ஆண்களுக்கு வெட்டிய பேன்ட்டில் இடுப்புக்கு எடுத்தால் சீட் பிடிக்கிறது, சீட்டுக்கு எடுத்தால் இடுப்பு நிற்பதில்லை. அவர்களுக்குத் தனி அளவில் தைத்துக் கொடுங்கள். பங்குனியில் பராமரிப்பு தொடங்குவதற்கு முன்பு, மாசி மாசத்துக்குள் துணி வந்துவிட்டால் போதும், மிச்சத்தை ஊர்த் தையல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.